சந்தனப் பொட்டு வைத்த குடுவை

"போடுட்டி கையெழுத்த."

"போட மாட்டேன் அண்ணாச்சி. எத்தன மட்டம் சொல்ல? போட—"

"பேனா இல்லன்னா இந்தா, என் பேனாவ—"

"பேனா இருக்கு. மனசுதான் இல்ல. நீங்க மொதல்ல சட்டக்கைய மடக்குங்க. பைய வச்சிட்டு அப்புறமா—"

"நான் எதுக்கு மடக்கணும்? எனக்குப் பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அப்ப எனக்கும் ஊசி வேண்டாம்."

"ஏட்டி, நான் சொல்லுதது ஒனக்குக் காதுல விழுதா இல்லையா?"

"காது கேக்காதது நீங்க. எனக்குக் கண்ணுதான் தெரியாது."

ஆராய்ச்சிக்கூடத்தின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குடுவைகளுக்குத் தீனி மாற்றிக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் தலையைத் தூக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இந்தக் கச்சேரி நடக்கும். ஆறு வருடமாக நடக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் அப்பனும் மகளும் என்பார்கள். ஏ.சி. பழுதுபார்க்க வந்த ஆள் ஒருவன் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்து, விட்டுக்கொடுத்துப் போங்கள் என்று புத்தி சொல்லி, இரண்டு பேரிடமும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டு போனான்.

அப்பனும் இல்லை, மகளும் இல்லை, ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாசானமுத்துவுக்கு ஐம்பத்தொரு வயது. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பர். பிரம்மசக்திக்கு இருபத்தேழு, ஊரில் ஓடுகிற டவுன் பஸ் எல்லாம் அவள் குரலில்தான் பேசும். அவளுடைய உடம்புச் செல் அவர் கைக்குள் இருந்தது, அவருடைய செல் அவள் கைக்குள் இருந்தது. அவ்வளவுதான் சம்பந்தம்.

பஸ்ஸில் டிரைவர் இல்லாமல் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. தானாக ஓடுகிற பஸ் ரொம்ப மரியாதை தெரிந்த பஸ். ஓடி வருகிறவனைக் கண்டால் நின்றுவிடும். அவன் ஏறுவதற்குள் இன்னொருத்தி வருவாள், அவளுக்கும் நிற்கும். விட்டால் பொழுது சாய்கிறவரை நின்ற இடத்திலேயே நிற்கும். அதட்டிக் கிளப்ப ஒரு மனுஷன் வேண்டியிருந்தது. மாசானமுத்துவின் தொண்டை அதற்குத் தோதாக அமைந்தது. யார் என்ன ஏசினாலும் காதில் விழாது என்பது கூடுதல் தகுதி. அந்த பஸ்களுக்குத் திருநெல்வேலிப் பேச்சு சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது பிரம்மசக்தியின் பெயரைச் சொன்னவரும் அவர்தான். சொன்ன மறுநாளிலிருந்து, நாள் முழுக்க பஸ்ஸுக்குள் இருந்து கத்துகிறவள் இங்கேயும் வந்து கத்துகிறாள் என்று புகார் வைத்தவரும் அவர்தான்.

இரண்டு பேருக்கும் பிறவியிலேயே வந்த சீக்கு. முதல் நாள் தங்கபுஷ்பம்தான் அவர்களை எதிரெதிரே உட்கார வைத்து விளக்கிச் சொன்னாள்.

"நம்ம ஒடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஒரு குட்டிக் குப்பக்கெடங்கு இருக்கு. லைசோசோம்னு பேரு. பழைய சாமானெல்லாம் அங்க வந்து துண்டு துண்டா பிரிஞ்சு, மறுபடி வேலைக்குப் போவும். அதுல சர்க்கரையால முறுக்கின நீளக் கயிறு ஒண்ணு வரும். கயிறு முழுக்க முடிச்சு. மொத முடிச்ச அவுக்க கை, என்சைம்னு சொல்லுவாவ, அண்ணாச்சிக்குப் பிறப்புலயே இல்ல. ரெண்டாவது முடிச்ச அவுக்க கை பிரம்முவுக்கு இல்ல. எந்த முடிச்சுல நின்னா என்ன, ரெண்டு பேருக்கும் கயிறு சேந்துக்கிட்டே போவுது. கெடங்கு உப்பிப்போவுது."

மாசானமுத்து அன்றைக்குக் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் முதல் முடிச்சுதான் முக்கியம், இல்லையா என்பது. பிரம்மு அதற்கு, முதல் முடிச்சை யாரும் அவிழ்த்துவிடலாம், இரண்டாவதுதான் வேலை என்றாள். சண்டை அங்கே பிறந்தது. யாருடைய நோய் மூத்த நோய் என்பது இன்றுவரை தீரவில்லை.

கயிறு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் இரண்டு பேருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விரல்கள் மடங்கி நிமிராது. தோளுக்கு மேல் கை போகாது. மாசானமுத்துவுக்குக் காது அடைத்தது, மூச்சுக்குழல் ஒடுங்கியது, இருதயத்தின் வால்வு தடித்தது. பிரம்முவுக்குக் கருவிழி மேல் பனி விழுந்தது.

இதற்கு மருந்து தேடுவதுதான் இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை. நோயாளியின் புஜத்திலிருந்து அரிசி அளவுக்குத் தோலை எடுத்து, அதிலிருக்கிற செல்லைக் குடுவையில் வளர்ப்பார்கள். மனுஷன் குடிப்பதற்கு முன்னால் மருந்தை அவனுடைய செல் குடித்துப் பார்க்கும். நன்னாரி சர்பத் நிறத்தில் ஒரு தீனி. அதில் ஆளுக்கொரு குடுவையாக எண்பது தொண்ணூறு பேர் இன்குபேட்டருக்குள் படுத்திருப்பார்கள். மாசானமுத்துவின் செல்லும் பிரம்முவின் செல்லும் பத்தொன்பது மருந்து குடித்துப் பார்த்தன. ஒன்றும் கேட்கவில்லை.

கேட்டது சந்தனம்தான்.

எட்டு வருடத்துக்கு முந்திய ஆயுத பூஜை அது. உதவியாளர் குத்தாலிங்கம் பக்திமான். மைக்ராஸ்கோப்புக்குப் பொட்டு வைத்தார், ஃப்ரிட்ஜுக்கு வைத்தார், பிளக் பாயிண்டுக்கும் வைத்தார். யாரும் பார்க்காத நேரம் இன்குபேட்டரையும் திறந்து, உள்ளே இருந்த குடுவைக்கெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். பொட்டு வைக்கத் தோதான இடம் எது? ஸ்டிக்கர்தான். ஆளின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். எல்லோரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு, ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குப் போகிறவள் என்பதால் அன்றைக்கு வேலையில் விடப்பட்ட தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். இரண்டு குடுவையில் சந்தனத்தோடு எழுத்தும் வந்துவிட்டது. பட்டியலில் மிச்சமிருந்த பெயர்கள் மாசானமுத்துவும் பிரம்மசக்தியும். எது எவர் என்று தெரியவில்லை.

ஆள் தெரியாத குடுவையில் பிளீச் ஊற்றிக் கொட்ட வேண்டும் என்பது விதி. அவள் பிளீச் பாட்டிலைத் திறந்தாள். சற்று முன்வரை சந்தனம் குங்குமம் வைத்து அலங்காரமாக உட்கார்ந்திருந்த உயிரின் தலையில் அதை ஊற்றக் கை வரவில்லை. எந்தச் சாமிக்கு வைத்த பொட்டாக இருந்தாலும் பொட்டு பொட்டுதானே. நாளைக்குக் கொட்டிக்கொள்ளலாம் என்று இரண்டையும் ஒரே குடுவையில் ஊற்றி, மூடி, பின்வரிசையில் தள்ளி வைத்தாள். மறுநாள் மறந்துபோனாள்.

பன்னிரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால், உப்பி உருண்டையாகக் கிடக்க வேண்டிய செல்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தன. ஒரு செல் தான் செய்கிற, முடிச்சு அவிழ்க்கிற கையைக் கொஞ்சம் வெளியேயும் சிந்துமாம். பக்கத்திலிருப்பது அதைப் பொறுக்கி எடுத்துக்கொள்ளுமாம். முதல் முடிச்சுக்காரர் இரண்டாவது முடிச்சுக்காரிக்குக் கை கொடுத்திருக்கிறார், அவள் திருப்பிக் கொடுத்திருக்கிறாள், யாரையும் கேட்காமல்.

பெரிய டாக்டர் அதைக் கொண்டுபோய் ஊர் ஊராகப் பேசினார். பேச்சு வளர்ந்து, புளியங்கொட்டை அளவில் ஒரு பையாக முடிந்தது. அதற்குள் ஒருத்தருடைய செல். அதை இன்னொருத்தருடைய முன்கைத் தோலுக்கு அடியில் வைப்பது, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிதாக மாற்றுவது. உள்ளேயிருந்து முடிச்சு அவிழ்க்கிற கை சுரந்து வெளியே வரும். உடம்பின் காவல்காரர்கள் உள்ளே போக முடியாது. மாசானமுத்துவின் விரல் நிமிர்ந்தது. பிரம்மு தலைக்கு மேல் கையைத் தூக்கித் தானே பின்னல் போட்டாள். அந்தச் சந்தனக் குடுவை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. தங்கபுஷ்பமும் சொல்லவில்லை.

பை வைத்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடக் கற்றுக்கொண்டார்கள். இவள் செல் வந்த பிறகுதான் எனக்குப் பச்சை மாங்காய் மேல் ஆசை வந்தது, இந்த வயதில் பல்லைக் கூசவைத்து மானம் போகிறது என்று அவர். இவர் செல் வந்த பிறகுதான் விடியும் முன் மூன்றே முக்காலுக்கு முழிப்பு வந்து, முதல் வண்டி கிளம்பியிருக்குமா என்று கவலைப்படுகிறேன் என்று அவள். செல்லுக்கு அப்படியெல்லாம் தெரியாது என்று தங்கபுஷ்பம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

ஆனால் இன்றைக்கு நடக்கிற சண்டை வேறு.

சென்னையில் ஒரு ஊசி வந்திருந்தது. ஒரே ஊசி, உடம்பு முழுக்க இரண்டாவது முடிச்சைச் சரிசெய்துவிடும். கண்ணுக்கும் தனியாக ஒரு சொட்டு. பையில் சுரப்பது கருவிழிக்குப் போவதில்லை. அங்கே ரத்தம் ஓடாது. ஆறு வருடமாகக் கையும் காலும் தேறிய பிரம்முவுக்குக் கண் மட்டும் மங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஒரு முகத்தைப் பார்க்க ஒரு சாண் தூரத்துக்குப் போக வேண்டும். இன்னும் ஒரு வருடம் போனால் அந்தச் சாணும் கிடையாது. வியாழக்கிழமை அவளுக்கு முறை. செல் மாற்றிக்கொள்கிற இரண்டு பேருக்குச் சட்டத்தில் இணை என்று பெயர்; இன்றைக்கு இணை விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் முறை நிற்கும். போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்; மறுபடி வரிசை வர ஒன்றரை வருடம்.

போடுவதில் என்ன கஷ்டம்? சட்டம்தான் கஷ்டம். ஒரு காலத்தில் இல்லாதப்பட்டவர்கள் செல்லை விற்றுத் தின்றார்கள். அதைத் தடுக்க, யாரும் யாருக்கும் சும்மா கொடுக்கவும் கூடாது, சும்மா வாங்கவும் கூடாது, ஒருவருக்கொருவர் கை மாற்றிக்கொள்ள மட்டும்தான் செய்யலாம் என்று சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட பிரம்முவுக்கு யாரிடமிருந்தும் ஒன்றும் வேண்டியிருக்காது. வேண்டாதவள் கொடுக்கவும் கூடாது. இரண்டாவது முடிச்சுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊசி போட்டுக்கொண்டு போக, மாசானமுத்துவுக்கு வேறு இணையும் கிடைக்கப்போவதில்லை. முதல் முடிச்சுக்கு ஊசி வர இன்னும் பத்து வருடமாம். அவருடைய மூச்சுக்குழலுக்குப் பை இல்லாமல் இரண்டு வருடம் கொடுத்திருந்தார் பெரிய டாக்டர்.

இதெல்லாம் தெரிந்துதான் மனுஷர் சட்டைக் கையை மடக்க மறுத்தார். தானே விலகிவிட்டால் அவள் ஊசி போட்டுக்கொள்ளத்தானே வேண்டும். அவளும் இதெல்லாம் தெரிந்துதான் பேனாவைத் தொடவில்லை.

"எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு. பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சு," என்றார் மாசானமுத்து, பஸ்ஸைக் கிளப்புகிற குரலில். "நீ இனிமேத்தான் பாக்கணும்."

"எதப் பாக்க? நீங்க மூச்சு வாங்கிட்டுக் கெடக்கதையா?"

தங்கபுஷ்பம் தீனி ஊற்றுகிற பிப்பெட்டைக் கீழே வைத்தாள்.  

பதினொரு மணிக்குச் சாட்சி அலுவலர் ஆவுடைநாயகி வந்தார். கை மாற்றுக்கு நேரில் நின்று கையெழுத்து வாங்குவது அவர் வேலை. சட்டத்தை மனப்பாடமாக வைத்திருந்தும், ஒவ்வொரு தடவையும் புத்தகத்தைத் திறந்து வாசித்துத்தான் சொல்லுவார். அவர் தோல்பையில் இந்த இணையின் பழைய படிவங்கள் பன்னிரண்டும் இருந்தன. பன்னிரண்டிலும் ஒரே இடத்தில் அடித்தல் திருத்தல். கொடுப்பவர், பெறுபவர், அதற்குக் கீழே உறவு முறை என்று ஒரு கட்டம். மாசானமுத்து அதில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவார். பிரம்மு அதை அடித்துவிட்டு 'அண்ணாச்சி' என்று எழுதுவாள். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் அண்ணாச்சிதான், அது உறவில் சேராது என்று சொல்லி அதையும் அடித்து, ஒரு கோடு போட்டு வைப்பார் ஆவுடைநாயகி. பன்னிரண்டு முறையும் இது நடந்தது, ஒருவரும் அலுத்துக்கொள்ளவில்லை.

இன்றைக்கு அவர் இரண்டு படிவத்தையும் விரித்து வைத்தார். இருவரில் ஒருவர் விலகினாலும் இணை முறிந்தது, யார் முதலில் என்று தனக்குக் கவலை இல்லை, பன்னிரண்டரைக்குத் தென்காசியில் இன்னொரு இணை காத்திருக்கிறது என்றார். மாசானமுத்து பேனாவை எடுத்தார். பிரம்மு அவர் கையைத் தடவிப் பிடித்து, பேனாவைப் பிடுங்கினாள். இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் இவர்களில் ஒருவராலும் ஒரு பேனாவை இவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்க முடியாது என்று தங்கபுஷ்பத்துக்குத் தோன்றியது.

கையுறையைக் கழற்றினாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். நாற்பத்துநான்கு வயதில் இதைவிட்டால் வேறு வேலை தெரியாது. வீட்டில் அவள் சம்பளத்தை நம்பி இரண்டு பேர். சொல்லாமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. மாசானமுத்து இரண்டு வருடம் பஸ்ஸை அதட்டுவார், பிறகு அதட்ட மாட்டார். அவ்வளவுதான். மறுபடி எழுந்தாள். இன்குபேட்டரைத் திறந்து, பின்வரிசையிலிருந்து அந்தக் குடுவையை எடுத்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள்.

"மேடம், கையெழுத்து வாங்குததுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்."

குடுவையின் ஸ்டிக்கர் மேல் சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு வருடத்துப் பொட்டு மேல் இன்னொரு வருடத்துப் பொட்டாக. அது எந்தக் குடுவை என்று தெரியாமலே வருஷா வருஷம் வைத்துக்கொண்டு வந்திருந்தார் குத்தாலிங்கம்.

அவள் சொன்னாள். நிறுத்தாமல், யார் முகத்தையும் பார்க்காமல். கலந்துபோன குடுவையைக் கொட்டிவிட்டு, ஆளுக்கொரு குடுவையில் புதிதாக வளர்க்கச் சொல்லி அப்போது உத்தரவு வந்தது. அவளும் வளர்த்தாள். மற்றவர்களுடையது பிழைத்தது; இவர்களுடையது மட்டும் தனித்தனியாகப் போட்டால் மூன்றாவது வாரத்தில் உப்பிச் செத்தது. மறுபடி போட்டாள், மறுபடி செத்தது. பை வைக்கிற நாள் வந்துவிட்டது. இரண்டு பேரும் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கு மூச்சு இழுத்தது. அவள் பின்வரிசைக்குக் கையை நீட்டினாள். கொட்டாமல் விட்ட குடுவை அங்கே இருந்தது. அதிலிருந்தே இரண்டு பையையும் நிரப்பினாள். அன்றைக்கு மட்டும் என்று நினைத்தாள். பன்னிரண்டு தடவை ஆகிவிட்டது.

"அப்படின்னா?" என்றார் ஆவுடைநாயகி.

"அண்ணாச்சி கையில இருக்கது பிரம்முவோட செல் இல்ல மேடம். பிரம்மு கையில இருக்கது அண்ணாச்சியோட செல்லும் இல்ல. ரெண்டு கையிலயும் ரெண்டு பேரும்தான் இருக்காவ."

முதலில் மாசானமுத்துதான் வாயைத் திறந்தார். அப்படியென்றால் மாங்காய் விஷயத்தில் தான் இவளை ஏசியது அத்தனையும் வீணா என்று கேட்டார். பிறகு, பாதியாவது இவள்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

பிரம்மு சிரிக்கவில்லை. குரல் வந்த திசைக்குத் திரும்பி, ஒரு சாண் தூரம்வரை கிட்டே வந்தாள். தங்கபுஷ்பத்தின் முகத்தை அவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"ஆறு வருஷமா என் கைக்குள்ள என்ன இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கண்ணு தெரியாதவதானே, காட்டாண்டாம்னு நெனச்சியளாக்கா?"

"இல்ல தாயி. சொல்லியிருந்தா இதக் கொட்டியிருப்பாவ."

"கொட்டவா வைக்கவான்னு எங்ககிட்டல்லா கேட்டிருக்கணும்."

தங்கபுஷ்பம் குடுவையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாசானமுத்து வழக்கமில்லாத வழக்கமாக மெதுவாகப் பேசி, புஷ்பம்மா அன்றைக்கு இதைக் கொட்டியிருந்தால் நாம் இரண்டு பேரும் இன்றைக்குச் சண்டை போட இருந்திருக்க மாட்டோமே என்றார். அது தனக்கும் தெரியும், தெரிந்துதான் கோபம் என்றாள் பிரம்மு.

ஆவுடைநாயகி குடுவையை மைக்ராஸ்கோப்பில் வைக்கச் சொல்லி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். ஆற்றுத் தண்ணீரில் மீன் குஞ்சுக் கூட்டம் ஒரே பக்கமாகத் தலையை வைத்துக் கிடப்பதுபோலச் செல்கள் படுத்திருந்தன. இதில் எது அவர், எது இவள் என்று கேட்டார்.

தெரியாது என்றாள் தங்கபுஷ்பம். அடையாளம் பார்க்கத் தனிச் சாயம் போட வேண்டும், போட்டால் அது செத்துவிடும். வருடத்துக்கு ஒரு சொட்டு எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பாதிக்குப் பாதி. ஒன்று பெருகி மற்றதை மிஞ்சப் பார்த்தால், அதற்கே கை பற்றாமல் உப்பிப்போய்ப் பின்வாங்கும். மற்றது பெருகினாலும் அப்படியே. எட்டு வருடமாக இரண்டும் ஒன்றையொன்று மிஞ்சவிடாமல் நிற்கின்றன.

"வெளிய மாதிரியேதான்," என்று முணுமுணுத்தார் ஆவுடைநாயகி.

பிறகு புத்தகத்தைத் திறந்தார். வழக்கமாகத் திறக்கிற பக்கம் இல்லை, ரொம்பப் பின்னால் ஒரு பக்கம். விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். தென்காசிக்கு நேரமாகிறது என்று இப்போது அவர் சொல்லவில்லை.

"இதுல அவரோட செல் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா—"

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அவரோட செல் இருக்கா இல்லையா?"

"இருக்கு."

ஒருவர் தன் உடம்பின் செல்லைத் தானே திரும்பப் பெறுவதற்கு இணை வேண்டாம், கை மாற்று வேண்டாம், ஒற்றைப் படிவம் போதும் என்று அவர் வாசித்தார். தீயில் வெந்தவர்களுக்குத் தோல் வளர்ப்பதற்காக எழுதின அத்தியாயம் அது. அந்தச் செல்லோடு வேறு ஏதும் கூட வளரலாமா கூடாதா என்று அதில் ஒரு வார்த்தையும் இல்லை. இல்லாத விதியை வைத்து ஒன்றைத் தடுக்கத் தனக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் பார்த்ததைப் பார்த்தபடி மேலே எழுதி அனுப்பியே ஆக வேண்டும், அவர்கள் நாளைக்கு ஒரு விதி எழுதினால் அதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். நாளைக்கு எழுதட்டும், இன்றைக்குப் பையை வையுங்கள் என்றார் மாசானமுத்து. காலையிலிருந்து எனக்குப் பை வேண்டாம் என்று கூப்பாடு போட்டவர் அவர் என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

அதே பேனாவால் ஆவுடைநாயகி இன்னொரு தாளும் எழுதினார். விசாரணை முடிகிறவரை தங்கபுஷ்பம் எந்தக் குடுவையையும் தொடக்கூடாது. கழுவுமிடத்தில் பாத்திரம் கழுவலாம். அவள் வாசித்துவிட்டுத் தலையாட்டினாள். எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனாலும் இந்தக் குடுவைக்கு மூன்று நாளைக்கு ஒரு தடவை தீனி மாற்ற வேண்டும், பாதியை மட்டும் மாற்ற வேண்டும், பழைய தீனியில் மீதியை விட்டுவைத்தால்தான் அதுகளுக்குப் பிடிக்கும். இதையெல்லாம் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் அவளுக்கு அந்த நேரம் ஓடியது. அதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று ஆவுடைநாயகி சொன்னபோதுதான், தான் வாய்விட்டே புலம்பியிருக்கிறோம் என்று தெரிந்தது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை, படிவமும் இல்லை. தங்கபுஷ்பம் பிரம்முவின் முன்னால் போய் நின்றாள்.

"பாதி ஒன்னுது தாயி. நீ வேண்டாம்னு சொன்னா இப்பமே கொட்டச் சொல்லிருதேன். வச்சிக்கிடட்டுமா?"

பிரம்மு தன் முன்கையில் பை இருந்த இடத்தைத் தடவினாள். மாசானமுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் ஒரு வண்டியையும் அவர் அவ்வளவு நேரம் பொறுமையாக நிற்க விட்டதில்லை.

வைத்துக்கொள்ளச் சொன்னாள். இப்போதாவது கேட்டீர்களே என்றாள். ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை தான் வந்து பார்ப்பேன், கண் தெரிந்த பிறகு மைக்ராஸ்கோப்பில் தன் கண்ணாலேயே பார்ப்பேன், அதற்குள் இந்த மனுஷருடைய பாதி தன்னுடைய பாதியை மிஞ்சியிருந்தால் சும்மா விடமாட்டேன் என்றாள். முதல் முடிச்சுக்காரன்தான் எப்போதும் மூத்தவன் என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு தாளைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கி, கட்டத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து, இணை விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள். பெரிய எழுத்தில், கோணாமல். மை காயும்வரை ஊதினாள்.

மாசானமுத்து சட்டைக் கையை மடக்கினார். ஆவுடைநாயகி தோல்பையின் அடியிலிருந்து இதுவரை யாரும் கேட்டு வாங்காத ஒரு ஒற்றைப் படிவத்தை எடுத்து, தூசி தட்டி அவர் முன்னால் வைத்தார். கொடுப்பவர் என்ற இடத்தில் மாசானமுத்து தன் பெயரை எழுதினார். பெறுபவர் என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதினார். அதற்குக் கீழே பேனா நின்றது. இந்தப் படிவத்தில் உறவு முறைக் கட்டத்தை நிரப்ப வேண்டிய வேலையே இல்லை. அடிக்கவும் திருத்தவும் இடமில்லாமல் அச்சடித்தே வந்திருந்தது. அவர் அதை ஒரு தடவை வாசித்தார், எழுத்துக்கூட்டி இன்னொரு தடவை வாசித்தார். திரும்பி, அறையின் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்தபடி பின்னலை முடிந்துகொண்டிருந்தவளைப் பார்த்தார். கேட்டபோது பஸ்ஸை அதட்டுகிற குரல் இல்லை அது.

"ஏட்டி, குடுக்கவனும் நான், வாங்குதவனும் நான், உறவு மொற 'தானே'ன்னு போட்டிருக்கு. அப்ப நீ யாருட்டி?"